சுங்கை சிப்புட், மலேசியா: புதுக் கதவுச் சட்டத்தில் வெள்ளைச் சாயத்தை மீறிக் கறை வருகிறது, என்ன செய்யலாம்?

சிப்புட்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா தோட்டத்து லயத்தை விட்டு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்து வெகுநாள் ஆகிறது, தீபாவளிக்கு முன்னால் வீட்டைக் கொஞ்சம் சீர் செய்யலாம் என்று இப்போதுதான் கை வைத்தோம். ஐந்து கதவு நிலைகளைச் சுற்றிப் புதுச் சட்டம், கூடத்திலும் ஓர் அறையிலும் சுவரடியில் ஸ்கெர்ட்டிங் பலகை. தச்சர் எல்லாம் மெராந்தி மரம் என்று சொல்லி ஏர் கன் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார். சாயம் நானும் தம்பியும் அடித்தோம், தண்ணீரில் கரைக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட், மேலே தண்ணீர்ச் சாயம், வெள்ளை, இரண்டு கோட். மறுநாள் காலையில் பார்த்தால் சட்டத்தில் தேநீர் சிந்தியது போல மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு. சரி, சாயம் பற்றவில்லை என்று மூன்றாவது கோட் அடித்தோம், அதையும் மீறி வந்துவிட்டது. ஆணி இருக்கும் இடமெல்லாம் கறுப்பாக ஒரு வளையம். ஸ்கெர்ட்டிங்கில் பழுப்பு இல்லை, ஆனால் குளியலறைச் சுவரை ஒட்டிய பக்கத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இன்னொன்று, தரையில் ஒட்டிய டேப்பை உரித்தபோது சாயமும் சேர்ந்து பட்டையாக வந்துவிட்டது. வாங்கிய சாயம் மட்டமா, அல்லது நாங்கள்தான் கெடுத்தோமா?

கோப்பிகாவ்:
கெட்டியான சாயமாக வாங்கி இன்னும் இரண்டு கோட் போடுங்கள், மறைந்துவிடும். என் வீட்டில் அப்படித்தான் செய்தேன்.

மரக்கடை தம்பி:
அக்கா, அந்த யோசனை வேண்டாம். தண்ணீர்ச் சாயத்தைப் பத்து கோட் போட்டாலும் கறை மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதலில் மரம் என்னவென்று பார்ப்போம். வெட்டி மிஞ்சிய துண்டு இருக்கிறதா? சட்டத்துத் துண்டையும் ஸ்கெர்ட்டிங் துண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள், எடை ஒன்றாக இருக்கிறதா? வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மரத்து நரம்புக்குள் மஞ்சள் பொடி மாதிரி ஏதாவது தெரிகிறதா? அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துச் சாயம் படாத பக்கத்தில் நன்றாகத் தேய்த்துவிட்டுத் துணி என்ன நிறம் ஆகிறது என்று சொல்லுங்கள்.

சிப்புட்காரி:
இரண்டு துண்டும் பின்கட்டில் கிடந்தன. சட்டத்துத் துண்டு இரும்பு மாதிரி கனக்கிறது, சிவப்புப் பழுப்பு, நீங்கள் சொன்ன மஞ்சள் பொடி கோடு கோடாக இருக்கிறது. துணி கோப்பி வடிகட்டியது போல ஆகிவிட்டது. ஸ்கெர்ட்டிங் துண்டு லேசு, வெளுப்பு, நடுநடுவே பல் பல்லாகக் கோர்த்து ஒட்டியிருக்கிறது, அதில் தேய்த்த துணியில் ஒன்றுமே இல்லை.

மரக்கடை தம்பி:
சட்டம் மெராந்தி இல்லை அக்கா, மெர்பாவ். ஏதாவது படிக்கட்டு வேலையில் மிஞ்சிய பலகையாக இருக்கும். உண்மையைச் சொன்னால் மெர்பாவுக்கு வெள்ளை அடிப்பதே பாவம், ஆனால் அடித்தாகிவிட்டது. அந்த மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்து தண்ணீரில் கரையும். மழை நாளில் லாரியில் மெர்பாவ் ஏற்றினால் கடை வாசல் சிமெண்டெல்லாம் இரத்தம் சிந்தியது போல ஆகும், கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிடும். நீங்கள் அடித்த பிரைமரிலும் தண்ணீர்தான். அது மரத்துக்குள் இறங்கிச் சத்தைக் கரைத்து, காயும்போது மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. சாயத்தின் மேல் குற்றமில்லை.
ஸ்கெர்ட்டிங் பால் மரம், அதாவது ரப்பர் மரம். அது வேறு கதை, அண்ணன் யாராவது வந்து சொல்வார்கள்.

பிரஷ் மாமா:
நான் சொல்கிறேன். முப்பது வருடம் பெயிண்டர் வேலை பார்த்தவன், இப்போது இடுப்பு விடமாட்டேன் என்கிறது, அதனால் எழுத நேரம் இருக்கிறது.
தங்கச்சி, உன் வீட்டில் மூன்று கறை, மூன்றுக்கும் மருந்து வேறு. பழுப்புத் திட்டு தம்பி சொன்னதுதான். ஆணியைச் சுற்றி வரும் கறுப்பு, இரும்பும் மரத்துத் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது, அந்தக் காலத்தில் இதே சேர்க்கையில்தான் எழுதும் மையே செய்தார்கள். ஸ்கெர்ட்டிங்கில் இருக்கும் சாம்பல் புள்ளியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கொஞ்சம் குளோராக்ஸை (துணி வெளுக்கும் பிளீச்) தண்ணீரில் கலந்து பஞ்சால் ஒரு புள்ளியில் ஒற்றி எடு. ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் அது பூஞ்சணம். வெளுக்காவிட்டால் அழுக்கோ வேறு கறையோ. ஜன்னலைத் திறந்து வை, வேறு எந்தக் கழுவும் மருந்தையும் அதோடு கலந்துவிடாதே, புகை நெஞ்சைப் பிடிக்கும்.
சாயம் உரிந்ததற்குக் காரணம், நீ மரத்தைத் தேய்த்திருக்க மாட்டாய். ரம்பப் பட்டறையில் இழைத்து வரும் புது மரம் பார்க்க வழவழப்பாக இருக்கும், அதனால் எல்லாரும் அப்படியே அடித்துவிடுகிறார்கள், ஆனால் அந்த வழவழப்பில் சாயத்துக்குப் பிடிமானம் இல்லை. மெர்பாவில் எண்ணெய்ப் பசை வேறு.

சிப்புட்காரி:
அண்ணே, தேய்க்கவே இல்லை, துடைத்துவிட்டு அடித்தோம். குளோராக்ஸ் வைத்த புள்ளி வெளுத்துவிட்டது. பால் மரம் என்று அப்பாவிடம் சொன்னேன், ஒரு நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் சீவிய மரம், இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பிரஷ் மாமா:
எல்லாவற்றையும் வேண்டாம். பிளேடால் சாயத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழு. கட்டம் கட்டமாகப் பெயர்ந்து வந்தால் அந்தச் சட்டத்தைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். நின்றால் தேய்த்துவிட்டு மேலேயே வேலை செய்யலாம்.
சுரண்டிய இடத்தை 120 நம்பர் சாண்ட்பேப்பரில் நரம்பு ஓடும் போக்கிலேயே தேய், பிறகு 180. கூர்மையான விளிம்பை லேசாக மழுக்கிவிடு, கத்தி போல இருக்கும் முனையில் சாயம் நிற்காது, முதலில் உரிவது அங்கேதான். மாஸ்க் போட்டுக்கொள். தூசியைத் துடைத்த பிறகு துணியில் தின்னர் நனைத்து ஒரு முறை துடை, நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, வெளியே விரித்துக் காயப்போடு.
ஆணித் தலையை உள்ளே தட்டி இறக்கி, கறுப்புப் போகும்வரை தேய்த்து, ஓட்டையை அடைக்கும் பட்டி வைப்பதற்கு முன்னாலேயே அந்த இடத்தில் எண்ணெய் பிரைமரைத் தொட்டு வை. தண்ணீர்ப் பட்டியை நேராக இரும்பின் மேல் வைத்தால் மறுபடி துரு. அதன் பிறகு முழுச் சட்டத்துக்கும் கறையை அடைக்கும் எண்ணெய் பிரைமர். ஷெல்லாக் பிரைமர் கிடைத்தால் இன்னும் நல்லது, அது நம் ஊர் அரக்குதான், மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் பிரஷ்ஷைக் கழுவ ஸ்பிரிட் வேண்டும். எண்ணெய் பிரைமர் என்றால் இந்த மழைக்கு ஒரு முழு நாளாவது விடு. காய்ந்ததும் 240 நம்பரில் மெல்லத் தடவிவிட்டு, கையில் இருக்கும் தண்ணீர்ச் சாயத்தையே மேலே அடிக்கலாம். எண்ணெய்ச் சாயம் வாங்காதே, வெளிச்சம் குறைந்த அறையில் வெள்ளை நாளாக ஆக மஞ்சளாகிவிடும்.
முதலில் ஒரே ஒரு சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் செய்து மூன்று நாள் பார்.

மரக்கடை தம்பி:
சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை அடைக்க சிலிக்கோன் வாங்கிவிடாதீர்கள் அக்கா, அதன் மேல் சாயம் ஒட்டாது. அக்ரிலிக் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள்.
ஸ்கெர்ட்டிங்குக்குப் பிரைமர் மருந்தில்லை. பால் மரத்தில் மாவுச்சத்து அதிகம், ஈரம் பட்டால் பூஞ்சணம் ஓடி வந்துவிடும். ஒரு சுவரில் மட்டும் என்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பலகையைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கோப்பிகாவ்:
ஹம்ம், என் வீட்டுச் சட்டமும் இப்போது லேசாக மஞ்சளாகத்தான் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சிப்புட்காரி:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். கட்டம் கீறிப் பார்த்ததில் மூன்று நிலையில் பெயர்ந்தது, இரண்டில் நின்றது. சமையலறைக் கதவில் ஒரு சாண் செய்து பார்த்தோம், வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, ஓர் ஆணியைத் தவிர. அந்த ஆணியை மட்டும் இன்னொரு முறை தொட்டு வைத்திருக்கிறேன். மற்ற நான்கையும் தம்பி லீவு நாளில் தேய்க்கிறான், வீடெல்லாம் சிவப்புத் தூசி, அம்மா திட்டிக்கொண்டே இருக்கிறார்.
ஸ்கெர்ட்டிங்கைக் கழற்றினோம். பின்னால் முழுக்கக் கறுப்பு, சுவரில் சாந்து கைவைத்தால் உதிர்கிறது. குளியலறைக் குழாய் உள்ளே கசிகிறது. குழாய்க்காரர் சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். சுவர் காயும் வரைக்கும் அந்தப் பக்கம் பலகை இல்லாமலே இருக்கட்டும், தீபாவளிக்கு அங்கே சோபாவை இழுத்துப் போட்டு மறைத்துக்கொள்கிறோம்.

பிரஷ் மாமா:
சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாதே, ஒரு கை இடைவெளி விட்டு ஃபேனைத் திருப்பி வை. பலகையைத் திரும்ப மாட்டும்போது பின்பக்கத்துக்கும் ஒரு கோட் பிரைமர், வெட்டு முனைக்கு இரண்டு.