அப்பாவின் கோப்பில் புரியாத செய்தித்தாள் நறுக்குகள்: எப்படிப் பிரிப்பது, எந்த வருஷம்?

கேள்வி:
பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்தும்போது அப்பாவின் கோப்பில், பத்திர நகல்களுக்கு நடுவே, நான்காய் மடித்த பதினொரு நறுக்குகள் கிடைத்தன. ஒன்று நாற்காலி விளம்பரம், அதுவும் பாதி! இதை எதற்கு வைத்திருந்தார்? கேட்க அவர் இல்லை. எதிலும் தேதி இல்லை. தொட்டாலே மடிப்பு சருகாய் உதிர்கிறது. ஒன்றில் பழுப்பேறிய செல்லோடேப் வேறு. லேமினேட் செய்துவிடலாமா?

பதில் 1:
லேமினேஷன் மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. உள்ளே காகிதம் கெடுவதும் நிற்காது. செய்தித்தாள் காகிதத்தில், மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது சிதையும்போது காகிதம் மஞ்சளாகும், அமிலமும் சேரும். அந்தக் கறை பத்திரங்களிலும் இறங்கும், முதலில் அவற்றைத் தனியாக எடுங்கள். நறுக்குகளை இரண்டு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் போடுங்கள். பிவிசி உறை ஆகாது. செல்லோடேப்பை இழுக்காதீர்கள், எழுத்தும் கூடவே வந்துவிடும்.

பதில் 2:
மடிப்பைக் காய்ந்தபடியே விரிக்காதீர்கள். மூடிய டப்பாவுக்குள் ஈரத் துணி, அதற்கு மேல் வலைத்தட்டு, தட்டில் நறுக்கு. தண்ணீர் நேரே படக்கூடாது. சில மணி நேரத்தில் இளகிவிடும். அப்புறம் இரண்டு மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம். பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால் இதைச் செய்யாதீர்கள், மை கசியும்.

பதில் 3:
நாற்காலியைத் திருப்பிப் பார்த்தீர்களா? கத்தரிக்கோல் எந்தப் பக்கத்துச் செய்தியின் ஓரத்தை ஒட்டிப் போயிருக்கிறதோ, அதுதான் அவருக்கு வேண்டிய பக்கம். வருஷத்துக்கு ‘லை’, ‘னை’ எழுத்துகளைப் பாருங்கள். யானைத் துதிக்கை போலக் கொம்பு வளைந்திருந்தால் பழையது. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் பெரும்பாலான அச்சில் அது மறைந்தது, அதுவும் ஒரே நாளில் இல்லை.

கேட்டவர்:
அட, ஆமாம்! பின்பக்கம் ஹாலி வால்நட்சத்திரத்தை எந்தத் திசையில் பார்ப்பது என்று ஒரு முழுப் பெட்டிச் செய்தி, ஓரம் பிசகாமல் வெட்டியிருக்கிறார். ‘லை’ புது வடிவம்.

பதில் 3:
அப்படியானால் 1910 வருகை இல்லை. 1986 பிப்ரவரி 9 அன்று அது சூரியனுக்கு மிக அருகில் வந்தது. அதையொட்டிய மாதங்களாக இருக்கும். மற்ற பத்தையும் திருப்பிப் பாருங்கள்.

கேட்டவர்:
ஆறில் வானம்தான். ஒன்றில் குறுக்கெழுத்து, பாதிதான் நிரப்பியிருக்கிறார். பேனா மை, அதனால் டப்பாவுக்குள் வைக்கவில்லை.