புதுப்பிப்பு: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாவுக்கு அமெரிக்காவில் வழி உண்டா?

போன மாதம் கேட்டிருந்தேன்: பக்கத்து வீட்டு அக்கா குவாத்தமாலாவிலிருந்து எல்லை தாண்டி வந்தவர். நியூஜெர்சியில் 14 வருடம், கையில் ஒரு காகிதமும் இல்லை. இங்கே பிறந்த இரண்டு பையன்களுக்கும் ஆட்டிசம். அதைச் சொல்லி கிரீன் கார்டு கேட்கலாமா?

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அவரோடு குடிவரவு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். வழி இருக்கிறது, ஆனால் நீதிமன்றத்துக்குள்தான். நாடுகடத்தும் வழக்கு நடக்கும்போது மட்டுமே 42பி விண்ணப்பம் (நாடுகடத்தலை ரத்து செய்து கிரீன் கார்டு கேட்பது) போட முடியும். 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். அம்மா போனால் பிள்ளைகளுக்கு வழக்கத்தை மீறிய கடும் கஷ்டம் வரும் என்று நிரூபிக்க வேண்டும். அதுவும் வருடத்துக்கு 4,000 பேருக்குத்தான்.

மூத்தவன் 21 வயதில் அம்மாவின் கிரீன் கார்டுக்கு மனு போடலாமே என்று சிலர் சொன்னீர்கள். எல்லை தாண்டி வந்தவருக்குப் பொதுவாக அது இங்கிருந்தபடி பலிக்காது. வெளியே போனால் 10 வருடத் தடை. அதற்கு விலக்கு கேட்க, பிள்ளைகள் படும் கஷ்டம் மட்டும் போதாது.

அப்புறம், ஒரு ஏஜென்ட் "10 வருட விசா" வாங்கித் தருவதாக அவரிடம் பணம் கேட்டிருக்கிறார். 10 வருடம் இங்கே இருந்ததற்காகக் கிடைக்கும் விசா என்று ஒன்று கிடையாது. தயவுசெய்து யாரும் ஏமாறாதீர்கள்.

இப்போது அவர்மேல் வழக்கு எதுவும் இல்லை. வந்தால் காட்டுவதற்காக பள்ளி அறிக்கை, பேச்சுப் பயிற்சிக் குறிப்பு, வாடகை ரசீது எல்லாம் சேர்க்கிறோம். சின்னவனுக்குப் பேச்சு வரவில்லை. பால் வேண்டுமென்றால் அம்மா கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் கதவில் வைப்பான், வேறு யார் கையையும் தொடமாட்டான். அதையும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார் வக்கீல். நேற்றிரவு முதல் பக்கம் எழுதினோம்.