கல்குவாரி ஓரம் நீர்மட்டம்: விவசாயக் கிணற்றை அளந்தால் போதுமா?

பாறைத்தடம்:
கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளைச் சுற்றி ஏற்கெனவே திறந்த கிணறுகள் நிறைய. குவாரிக் குழி சுற்றியுள்ள நிலத்தடி நீரைக் குறைக்கிறதா என்று பார்க்க, மே, நவம்பர் இரண்டு முறை அவற்றை அளந்து, பக்கத்து மழைமானிக் கணக்கையும் சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. குவாரியால் பாதிப்பு வந்தால் முதலில் வற்றப்போவது அந்தக் கிணறுகள்தானே? அளப்பதற்கென்று தனியாக போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவது வீண் செலவு.

குளக்கரை:
ஒத்துக்க முடியாதுங்க சார். மோட்டார் ஓடுற கிணத்துல நீங்க அளக்கிறது இறைப்பைத்தான். நம்ம பாறையில இறைச்ச தண்ணி ஊறி வர மணிக்கணக்காகும், சில கிணத்துல மறுநாள்தான் பழைய மட்டம் வரும். நெய்வேலியில நிலக்கரிக்குக் கீழே மணல் அடுக்குல தண்ணி அழுத்தத்தோட பரந்து கிடக்கு, அங்க ஒரு போர் அக்கம்பக்கத்துக்கும் பேசும். இங்க தண்ணி பாறைப் பிளவுலதான், 20 மீட்டர் தள்ளிப் போட்ட ரெண்டு போர்ல ஒண்ணுல வெறும் தூசி புகையும், ஒண்ணுல தண்ணி பாயும்.

பாறைத்தடம்:
அதே காரணத்தால் உங்கள் போரும் ஒரு பிளவை மட்டும்தானே காட்டும்?

குளக்கரை:
அதனாலதான் ஒரே இடத்துல ஜோடியா போடணும். ஒண்ணு 20-25 மீட்டர், மேலே சிதைஞ்ச பாறைக்கு. இன்னொண்ணு 80 மீட்டருக்கு மேல. ஆழமானதுல கேசிங் குழாயைக் கெட்டிப் பாறைக்குள்ள இறக்கி, வெளிச்சுற்றுல பென்டோனைட் (நனைஞ்சா உப்பி அடைக்கிற களிமண்), அதுக்கு மேல சிமெண்ட் அடைக்கணும். இதை விட்டுட்டா மேல்தண்ணி உள்ளே வழிஞ்சு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கலப்பு மட்டம்தான் கிடைக்கும். சுவர்ல வழியுற தண்ணி பட்டாலே அளவு டேப் ‘பீப்’ அடிச்சுரும். சத்தம் வந்த பிறகும் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. சத்தம் விட்டு விட்டு வந்தா அது மட்டம் இல்லை.

ராகிக்காடு:
மழையை ரெண்டு பேருமே சரியாப் பார்க்கலை. மே மாச இடிமழை ஒரு ஊர்ல கொட்டும், அடுத்த ஊர்ல தூசி அடங்காது. 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மழைமானியை வெச்சு குவாரிக் குழியோட தண்ணி வரவு-செலவுக் கணக்கு போட்டா எல்லாமே தப்பு. குவாரி அலுவலகத்துக்கிட்ட சாதா மழைமானி ஒண்ணு வையுங்க. வாய் தரையிலிருந்து 30 செ.மீ., பக்கத்துக் கட்டடத்தோட உயரத்துல ரெண்டு மடங்காவது தள்ளி, தினம் காலை 8.30-க்கு அளவு. தானியங்கி மழைமானி மட்டும் போதாது: கல்தூள் புனலை அடைச்சா மழை பேஞ்ச அன்னைக்கும் பூஜ்யம் காட்டும். வாரம் ஒருதரம் கழுவணும்.

குளக்கரை:
சரியாச் சொன்னீங்க. 1 ஹெக்டேர் குழியில 10 மி.மீ. மழைன்னா 1 லட்சம் லிட்டர். அதோட வெளிச்சரிவிலிருந்து வழிஞ்சு வர்றதைக் கூட்டி, மோட்டார் இறைச்சதைக் கழிச்சா வர்ற கணக்கை விட குழியில தண்ணி கூடுதலா நின்னா, அது பாறையிலிருந்து வந்தது. மழையில்லாத 10 நாள், மோட்டாரை நிறுத்திப் பாருங்க. ஆவியாதல் நாளுக்கு 5 மி.மீ.ன்னா மட்டம் 5 செ.மீ. இறங்கணும். 2 செ.மீ.தான் இறங்குச்சுன்னா 3 லட்சம் லிட்டர் உள்ளே ஊறியிருக்கு. அது யாரோட கிணத்துத் தண்ணி?

பாறைத்தடம்:
அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வராதீர்கள். ஆழமான குழியில் காற்றும் குறைவு, சுவர் நிழலும் விழும். ஆவியாதலே 3 மி.மீ.தான் என்றால் உங்கள் 3 லட்சத்தில் 2 லட்சம் காணாமல் போய்விடும்.

குளக்கரை:
நியாயம். அதுக்குத்தான் ஆழ போர் வேணும்னு சொல்றேன். போர் மட்டம் குழித்தண்ணியை விட உயரத்துல இருந்தாத்தான் ஊற்று உள்ளே வரும். ஆனா ‘தரைக்குக் கீழே இத்தனை மீட்டர்’னு எழுதினா ஒப்பிடவே முடியாது. போர் வாய், கிணத்து விளிம்பு, குழி ஓரக்குறி மூணையும் ஒரே அடையாளக் கல்லிலிருந்து லெவல் எடுத்து, கடல் மட்ட உயரமா எழுதணும்.

பாறைத்தடம்:
லெவல் எடுப்பதை ஏற்கிறேன், இதுவரை பார்த்த அறிக்கைகளில் பெரிய ஓட்டை அதுதான். ஜோடி போரும் இருக்கட்டும், விவசாயக் கிணறு இருக்கும் பக்கத்துச் சுவரை ஒட்டி. ஆனால் கிணறுகளை விட்டுவிடச் சம்மதிக்க மாட்டேன். மாதம் ஒருமுறை, விடியற்காலை மோட்டார் போடும் முன்.

ராகிக்காடு:
தானியங்கி மட்டமானி போடுறவங்களுக்கு ஒண்ணு: காற்றுக்குழாய் இல்லாத வகைன்னா தண்ணியோட அழுத்தத்தோட காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும், அதைக் கழிக்க காற்றழுத்தத்தையும் தனியா பதியணும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம். கடல்மட்ட அழுத்தத்தை வெச்சுக் கழிச்சா மட்டம் அரை மீட்டருக்கு மேல தப்பா வரும்.