‘ட்றிகர் பொயின்ற்’ என்பதற்கு ‘நோவூற்று’: என் பரிந்துரை

அன்புள்ள குழுமத்தவர்க்கு வணக்கம்.

தசைநோவுக்கு இடப்படும் ஊசி பற்றி யாழ்ப்பாணத்து நோயாளருக்காக நான் எழுதும் கையேட்டில் ‘ட்றிகர் பொயின்ற்’ (trigger point) என்பதற்கு இட, ‘தூண்டுபுள்ளி’, ‘விசைப்புள்ளி’, ‘வர்மப்புள்ளி’ என மூன்று சொற்களைத் தந்திருந்தீர்கள். மூன்றையும் சில நாட்கள் எழுதிப் பார்த்தேன். ‘விசை’ என்றதும் பௌதிகவியல்தான் நினைவுக்கு வருகிறது. ‘தூண்டுபுள்ளி’ பிழையன்று, ஆயினும் ஊசி எதையோ தூண்டிவிடப் போகிறது என்று நோயாளர் எண்ணிவிடுகிறார். ‘வர்மப்புள்ளி’யை நான் உறுதியாக மறுக்கிறேன். வர்மம் தனக்கென வகுத்த இடங்களைக் கொண்ட வேறொரு மருத்துவ மரபின் சொல். அதை இங்கே இரவல் வாங்கினால் இரண்டும் குழம்பும்.

பொருளை முதலில் பார்ப்போம். இறுகிப்போன தசையில், கயிறுபோலத் திரண்ட ஒரு நார்க்கற்றைக்குள், விரலால் அழுத்தினால் கடுமையாக நோகும் சிறு இடம் இது. அழுத்திய இடத்தோடு நோ நிற்பதில்லை என்பதே இதன் தனித்தன்மை. தோள்மேல் தசையில் இருப்பது கழுத்தின் பக்கமாக ஏறி நெற்றிப்பொட்டில் நோகும். தோட்பட்டை எலும்பின் பின்புறத் தசையில் இருப்பது தோளின் முன்புறத்தில் நோகும். ஜனெற் ட்ரவெல், டேவிட் சைமன்ஸ் ஆகிய இரு மருத்துவர்கள் 1983இல் வெளியிட்ட கைந்நூல் தசை தசையாக வரைந்து காட்டியது இந்தப் பரவலைத்தான். ஆகவே, நோகும் இடம் வேறு, ஊசி ஏறும் இடம் வேறு என்பதை நம் சொல் உணர்த்த வேண்டும் என்பது என் வாதம்.

அடுத்தது ‘வலி’. நம்மூரில் ‘வலி’ என்றால் வலிப்பு நோயையும் நினைப்பவர்கள் உண்டு; உடம்பில் படும் வேதனைக்கு ‘நோ’, ‘நோவு’, ‘நோகுது’ என்பவையே நாள்தோறும் வாயில் வருகின்றன. எனவே ‘ஊற்றுக்கண்’ணை ஒட்டி ‘நோவுக்கண்’ என்று வைத்து, பல மாதங்களாகத் தலையிடியால் வருந்தும் என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “தம்பி, கண்ணுக்கையோ ஊசி போடப்போகினம்?” என்று பதறிவிட்டார். அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். பிறகு மருத்துவர் அவருடைய தோள்மேட்டை இரு விரல்களால் பிடித்து அழுத்தியபோது, “அதிலைதான்! தலைக்கை இழுக்குது” என்றார். ஓரிடத்தில் ஊறி இன்னோரிடத்தில் தெரிகிறது. கிணற்று நீரை நம்பி வாழும் ஊருக்கு ‘ஊற்று’ விளக்கம் வேண்டாத சொல். ஆகவே ‘நோவூற்று’, ‘நோவூற்று ஊசி’ என்பவற்றைப் பரிந்துரைக்கிறேன். ‘நோவை ஊற்று’ என்று ஏவலாகவும் படிக்கலாமே என்ற மறுப்பு வரக்கூடும். வாக்கியத்துக்குள் அந்த மயக்கம் எழவில்லை. கையேட்டிலிருந்து ஒரு பகுதியைத் தருகிறேன், நீங்களே பாருங்கள்:

“மருத்துவர் நோவூற்றை விரலால் கண்டுபிடித்து, தோலைத் துடைத்து, மெல்லிய ஊசியால், அவ்விடத்தை மரத்துப்போகச் செய்யும் விறைப்பு மருந்தைச் சிறிதளவு அதற்குள் செலுத்துவார். ஊசி நோவூற்றைத் தொட்டதும் தசை ஒருமுறை வெட்டித் துடிக்கலாம். பழகிய நோவும் ஒரு கணம் கூடலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி ஏறிய இடம் ஓரிரு நாட்கள் கன்றி நோகும். தசையை மெதுவாக நீட்டி மடக்குங்கள். பாரம் தூக்குவதைச் சில நாட்கள் தவிருங்கள். குருதி உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் விறைப்பு மருந்து ஒவ்வாதவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுத்து, தோள், மார்புப் பகுதிகளில் ஊசி போட்டபின் மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ வந்தால், அது அரிதாக நுரையீரல் உறையில் ஊசி பட்டதால் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.”

ஒரே ஊசியில் தீரும் என்று நான் எழுதவில்லை. சிலருக்கு ஆறுதல் நாட்கணக்கிலும் சிலருக்கு வாரக்கணக்கிலும் நிற்கிறது. நோவூற்று எங்கே என்பதில் தேர்ந்த கைகளே வேறுபடுவதும் உண்டு.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். அந்த மண்ணில் ஒரு நோயாளர் கையேடு ‘ட்றிகர் பொயின்ற்’ என்றே அச்சாவதை என் மனம் ஏற்கவில்லை.

இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். தசை வெட்டித் துடிப்பதற்கு ‘நார்த்துடிப்பு’ என எழுதியுள்ளேன். மருந்தின்றி ஊசியை மட்டும் ஏற்றும் முறைக்கு (dry needling) ‘உலர் ஊசி’ என்ற நேர்பெயர்ப்பு பொருந்தவில்லை. ஈரமான ஊசி என்று ஒன்று தமிழில் இல்லையே. 1979இல் செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட் எடுத்துக்காட்டியது மருந்து இல்லாமலும் ஊசி பயன் தரக்கூடும் என்பதையே. அதனால் ‘வெற்றூசி’ எனலாமா? அச்சகத்துக்குக் கொடுக்குமுன் உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.