ஏழரை அடி தூரம்: 43 இன்ச் ஃபுல் எச்டியா, 55 இன்ச் 4கேவா?

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருஷம் உழைத்த எங்கள் 32 இன்ச் டிவி போன வாரம் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வருகிறது, திரை ஒரே கறுப்பு. புதிது வாங்கியே ஆக வேண்டும். கையில் இருப்பதற்கு மேல் போக வழியில்லை, தவணையிலும் விருப்பமில்லை. அந்தத் தொகைக்குள் இரண்டு அகப்பட்டன. ஒன்று 43 இன்ச் ஃபுல் எச்டி. பேர்போன கம்பெனி, சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னொன்று 55 இன்ச் 4கே (ஃபுல் எச்டியைப்போல நான்கு மடங்கு புள்ளிகள்). அதிகம் கேள்விப்படாத பெயர், ஆனால் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் வசதி) முதல் எல்லாமே பெட்டி மேல் அச்சடித்திருக்கிறது. சோபாவிலிருந்து சுவர்வரை டேப் வைத்து அளந்தேன், ஏழரை அடி. பகலெல்லாம் அப்பாவும் அம்மாவும் செய்திச் சேனல் பார்ப்பார்கள். ராத்திரி நானும் தம்பியும் படம் பார்ப்போம். எதை எடுக்கட்டும்?

பெருந்திரை:
55 எடுங்க, யோசிக்கவே வேண்டாம். 43-ஐவிடப் பரப்பில் ஒன்றரை மடங்குக்கும் மேல பெரிசு. நான் ‘இது போதும்’னு மனசைத் தேத்திக்கிட்டு ஒரு தடவை 40 வாங்கினேன். எங்க அம்மா சப்டைட்டில் படிக்கிறதுக்கு நாற்காலியைத் திரைக்கிட்ட இழுத்துப் போட்டுக்குவாங்க. படம் முடிஞ்சதும் பழைய இடத்துக்குத் தள்ளி வைப்பாங்க. தினமும் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன், மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. டிவியில மத்த குறையெல்லாம் கண்ணுக்குப் பழகிடும், சின்னதா வாங்கிட்டோமேங்கிறது மட்டும் பழகாது.

திருப்புளி:
டிவி ரிப்பேர்தான் என் தொழில். அதனால தங்கச்சிகிட்ட முதல்ல ஒரு விஷயம் கேக்கணும். அந்தப் பழைய டிவியைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? போடலைன்னா ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிட்டு டிவியை ஆன் பண்ணுங்க. ஒரு டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாப்புல சாய்ச்சுப் பிடிச்சு உத்துப் பாருங்க. மங்கலா உருவம் அசையுதுன்னா பேனல், அதான் படம் காட்டுற தகடு, நல்லா இருக்கு, பின்னாடி வெளிச்சம் குடுக்குற எல்இடி ஸ்ட்ரிப்தான் போயிருக்குன்னு அர்த்தம். அதுல எல்இடியெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணாத் தொடரா இருக்கும். ஒண்ணு அறுந்தாலும் அந்த வரிசை முழுக்க அணைஞ்சிடும், நிறைய செட்டுல மொத்தத் திரையும் இருட்டாயிடும். ஸ்ட்ரிப் மாத்திக்கலாம், புது டிவி விலையோட பார்த்தா சின்னச் செலவுதான். நீங்களாத் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் பவர் போர்டு கப்பாசிட்டர்ல மின்சாரம் தங்கி இருக்கும்.

இப்ப உங்க கேள்வி. என் ஓட்டு 43-க்கு. பேர் தெரியாத 55 ஒண்ணு என் மேஜைக்கு வந்துச்சு, வாங்கிப் பதினாலு மாசம்தான். திரையில ஏழெட்டு இடத்துல வட்டமா வெள்ளைப் புள்ளி. திறந்து பார்த்தா ஒவ்வொரு எல்இடி மேலயும் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் லென்ஸ் சூட்டுல பசை விட்டு உதிர்ந்து அடியில கிடக்குது. லென்ஸ் போனா வெளிச்சம் பரவாது, ஒரே இடத்துல குத்தும். ஸ்ட்ரிப் கேட்டா அந்த மாடலுக்கு எங்கயும் கிடைக்கலை. வேற செட்டோட ஸ்ட்ரிப்பை அளவெடுத்து வெட்டிப் போட்டு, மூணு நாள் மெனக்கெட்டு ஓட வச்சேன். எல்லாரும் அந்த வேலை பார்க்க மாட்டாங்க.

பெருந்திரை:
அண்ணே, உங்ககிட்ட வர்றது பூரா கெட்டுப்போன டிவிதான். நல்லா ஓடுறது எதுக்கு உங்க மேஜைக்கு வரப்போகுது? அதை வச்சு ஒட்டுமொத்தமா சொல்லிட முடியாது.

திருப்புளி:
சரிதான், ஒத்துக்கிறேன். எத்தனை கெட்டுப்போகும்னு நான் சொல்ல வரலை. கெட்டுப்போனா உதிரிப்பாகம் கிடைக்குமாங்கிறதுதான் என் கவலை. பட்ஜெட் இருக்கறவங்க ரெண்டு வருஷத்துல இன்னொண்ணு வாங்கிக்குவாங்க. இவங்க இப்பவே கையிருப்புக்கு மேல போக முடியாதுன்னுதானே கேக்கறாங்க?

கணக்குப்பிள்ளை:
ஏழரை அடி என்று அளந்து சொல்லிவிட்டார். அதனால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சராசரி நல்ல கண்பார்வை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்தறியும். பிக்சலின், அதாவது திரையில் உள்ள ஒரு புள்ளியின், அகலத்தை 3,438 ஆல் பெருக்கினால், எவ்வளவு தூரத்துக்கு அப்பால் அது தனியாகத் தெரியாது என்பது கிடைக்கும். இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது; 43 இன்ச் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். ஃபுல் எச்டி என்றால் அதில் குறுக்கே 1,920 பிக்சல், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். பெருக்கினால் 1.7 மீட்டர், அதாவது சுமார் 5.6 அடி. ஏழரை அடியில் உட்காருபவருக்கு 43 இன்ச் ஃபுல் எச்டியில் பிக்சல் தெரியவே தெரியாது. 55 இன்ச்சில் ஃபுல் எச்டியே இருந்தாலும் எல்லை 7.2 அடிதான். அதே 55 இன்ச்சில் 4கே தரும் கூடுதல் நுணுக்கத்தை முழுசாகப் பார்க்க 3.6 அடிக்கு நெருங்கி வர வேண்டும். ஆக இவர் அறைக்கு 4கே என்ற எழுத்துக்காகக் காசு கொடுப்பது வீண்.

ஆனால் அளவு வேறு விஷயம். பார்வையில் 30 டிகிரி அகலத்துக்குத் திரை நிரம்பினால் சினிமாவுக்கு நன்றாக இருக்கும் என்பது நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். 55 இன்ச்சுக்கு அது கிட்டத்தட்ட ஏழரை அடியிலேயே அமைகிறது. 43 இன்ச் என்றால் 5.8 அடிக்கு நாற்காலியைக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு இடத்தில் பெருந்திரை சொன்னதுதான் சரி.

பெருந்திரை:
பாதி ஒத்துக்கிட்டதுக்கு நன்றி, மீதியையும் சொல்லிடறேன். கண் ஒரு கோடு லேசா விலகினாக்கூடப் பிடிச்சிடும், உங்க அறுபதில் ஒரு பங்கைவிட ரொம்ப நுணுக்கமாவே பிடிக்கும். சாய்வான விளிம்புல படிக்கட்டு மாதிரி தெரியறது அதனாலதான். ஆகவே எல்லை தாண்டினா 4கேக்குப் பயனே இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதோட இன்னிக்கு ஃபுல் எச்டியில வர்றது பெரும்பாலும் அடிமட்ட மாடல். நல்ல புராசசர், நல்ல பேனல் எல்லாத்தையும் கம்பெனிக்காரன் 4கேலதான் வைக்கிறான்.

திருப்புளி:
நல்ல பேனலா? பட்ஜெட் 55-லயா? பெட்டியில எச்டிஆர்னு போட்டிருக்கும். அந்த சிக்னல் வந்தா டிவி ஏத்துக்கும், அவ்வளவுதான். எச்டிஆர் படங்களை பெரும்பாலும் 1,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்குற அலகு) வெளிச்சத்தை மனசுல வச்சுத் தயாரிக்கறாங்க. குறைஞ்ச விலை டிவி 250, 300 நிட்ஸோட நின்னுடும். பகுதி பகுதியா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியும் இருக்காது. அதுல எச்டிஆர் போட்டா ராத்திரிக் காட்சியில ஆள் இருக்கிறதே தெரியாம அமுங்கிப் போயிடும். நிறையப் பேர் அதை ஆஃப் பண்ணச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடறாங்க.

கறுப்பு கறுப்பாத் தெரியுதான்னு பாருங்க தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம். எல்சிடி பேனல்ல ரெண்டு சாதி. விஏ பேனல்ல வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் 3,000-க்கு 1, அதுக்கு மேலயும் போகும். ஐபிஎஸ்ல அது சுமார் 1,000-க்கு 1. இருட்டு அறையில படம் பார்க்க விஏதான் வேணும். ஆனா விஏவைப் பக்கவாட்டுல உட்கார்ந்து பார்த்தா நிறம் வெளுத்துடும். உங்க வீட்டுல யார் எங்க உட்காருவாங்க?

நிலாமுற்றம்:
டார்ச் வைத்துப் பார்த்தேன் அண்ணா! தெரிகிறது! செய்தி வாசிப்பவர் தலையசைப்பது நிழல்போலத் தெரிந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் நம்பவே இல்லை. நாளைக்கே மெக்கானிக்கிடம் எடுத்துப் போகிறேன்.

உட்காருவது: நானும் தம்பியும் நேர் எதிரே. அப்பா ஓரத்துச் சாய்வு நாற்காலியில், நன்றாகப் பக்கவாட்டில்.

மின்மினி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஸ்மார்ட் டிவி என்பதற்காக எந்த மாடலுக்கும் கூடுதல் மார்க் போடாதீர்கள். விலை குறைந்ததில் பெரும்பாலும் 1 ஜிபி ராமும் 8 ஜிபி இடமும்தான். இரண்டு வருஷத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதாகிவிடும். பேனல் பத்து வருஷம்கூட ஓடும், உள்ளே இருக்கும் மென்பொருள் அவ்வளவு நாள் தாங்காது. தனியாக, ஆப்கள் ஓடும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐயில் செருகிக்கொண்டால், பழசானதும் அதை மட்டும் மாற்றினால் போதும். உள்ளேயே இருக்கும் ஆப்பில்தான் பார்ப்பேன் என்றால், வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பூட்டின் எல்1 சான்று இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். எல்3 மட்டும் இருந்தால் பல கட்டணச் சேவைகள் எச்டியே கொடுக்காது. 4கே திரையில் 480 வரிகளே உள்ள மங்கலான 480பி படம்தான் ஓடும்.

கணக்குப்பிள்ளை:
மின்மினி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் செய்திச் சேனல் என்றாரே, அது பழைய, குறைந்த தரமான எஸ்டி ஒளிபரப்பா, எச்டியா? எஸ்டி என்றால் ஒரு சட்டகம் (ஃபிரேம்) 720×576, அதாவது 4,14,720 புள்ளி. 4கே திரையில் 82,94,400. சரியாக இருபது மடங்கு. வருகிற ஒவ்வொரு புள்ளியையும் நீட்டி இருபது இடத்தை டிவி நிரப்ப வேண்டும். பட்ஜெட் புராசசர் அதை அழகாகச் செய்யாது. 55 இன்ச்சில் செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசினாற்போல இருக்கும். பகலில் பத்து மணி நேரம் ஓடப்போவது அதுதான் என்றால், ராத்திரி இரண்டு மணி நேரப் படத்துக்காக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெருந்திரை:
பழைய 32 தான் உயிரோட வரப்போகுதே! அப்பா அம்மா அறையில அதை வச்சிட்டா பகல் செய்தி அங்க ஓடும், எஸ்டிக்கும் அந்தச் சின்னத் திரை பொருத்தமா இருக்கும். ஹாலுக்குப் பெரிசு வாங்குங்க. திருப்புளி அண்ணன் குடுத்த யோசனையே என் பக்கம் வந்திடுச்சு.

திருப்புளி:
அதை நான் யோசிக்கலை. நல்ல யோசனை. ஆனாலும் பேர் தெரியாத 55-க்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தங்கச்சி, கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவ் எடுத்துட்டுப் போங்க. அதுல திரை பூரா ஒரே சாம்பல் நிறமா ஒரு படம், முழுக் கறுப்பா ஒரு படம், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ராத்திரிக் காட்சி ஒண்ணு. கடையில ஓடுற டெமோவைப் பார்க்காதீங்க. அது உயர்ந்த தரத்துல எடுத்த பூவும் மீனும், எந்த டிவியிலயும் ஜொலிக்கும். செட்டிங்கும் ‘விவிட்’ல இருக்கும், ‘சினிமா’வுக்கு மாத்தச் சொல்லுங்க. சாம்பல் படத்துல ஓரம் அழுக்கா, திட்டுத்திட்டாத் தெரியுதான்னு பாருங்க. எழுந்து அப்பா உட்காருற கோணத்துல போய் நின்னும் பாருங்க.

நிலாமுற்றம்:
போய் வந்தேன். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் வீட்டில் செய்தித்தாளை ஒட்டி இரண்டு அளவில் வெட்டினோம். 55-க்கு 122×68 சென்டிமீட்டர், 43-க்கு 95×53. சுவரில் மாட்டிவிட்டு எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். 43-ஐப் பார்த்ததும் அம்மா “பழசுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?” என்றார். அங்கேயே என் மனசு பெரியதற்குச் சாய்ந்துவிட்டது.

கடையில் அந்த 55-இல் சாம்பல் படம் போட்டேன். நடுவில் மேகம் படிந்ததுபோல நாலைந்து திட்டு. கறுப்புப் படம் போட்டால் நாலு மூலையிலும் வெளிச்சம் கசிகிறது. பக்கவாட்டில் போய் நின்றால் முகமெல்லாம் வெளுத்து, சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிட்டது. அப்பா நாற்காலிக்கு அது ஆகவே ஆகாது. 43 ஃபுல் எச்டியில் கறுப்பு நன்றாக இருந்தது, ஆனால் சின்னது.

அப்புறம் அதே பேர்போன கம்பெனியில் போன வருஷத்து மாடல், 50 இன்ச் 4கே ஒன்று கண்ணில் பட்டது. புது மாடல் வந்துவிட்டதால் விலை இறக்கி வைத்திருந்தார்கள். கறுப்பு நல்ல கறுப்பு, திட்டு இல்லை. பக்கவாட்டில் லேசாக வெளுக்கிறது, ஆனால் 55 அளவுக்கு இல்லை. பழைய டிவிக்கு ஸ்ட்ரிப் மாற்றிய செலவும் போக, கையில் இருந்ததற்குள் அடங்கியது. டிஸ்பிளேயில் இருந்ததை வாங்கவில்லை, பெட்டி பிரிக்காததைத்தான் கேட்டு வாங்கினேன்.

கணக்குப்பிள்ளை:
50 இன்ச், ஏழரை அடி. பார்வையில் சுமார் 27 டிகிரி. நல்ல இடத்தில் நின்றிருக்கிறீர்கள். முப்பது வேண்டும் என்றால் சோபாவை முக்கால் அடி முன்னால் நகர்த்துங்கள்.

பெருந்திரை:
வாழ்த்துகள்! ஆனா ஒரு வருஷம் கழிச்சு 55-ஏ வாங்கியிருக்கலாமேன்னு தோணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

திருப்புளி:
தோணட்டும். அப்பவும் இது ஓடிக்கிட்டுதான் இருக்கும்.

நிலாமுற்றம்:
திருப்புளி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. ஸ்ட்ரிப் திரும்பப் போகாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா?

திருப்புளி:
செட்டிங்ல ‘பேக்லைட்’னு இருக்கும், ‘பிரைட்னஸ்’ இல்ல, அது வேற. பேக்லைட் 100-ல வந்திருக்கும். ராத்திரிக்கு 50, 60 தாராளம், எல்இடியும் சூடாகாது. அப்பா அறையில இருக்கிற 32-லயும் அதையே பண்ணுங்க. புதுசுல ‘மோஷன் ஸ்மூத்திங்’ மாதிரி ஒண்ணு ஆன்ல இருக்கும். சினிமா நொடிக்கு 24 சட்டகம்தான், அது நடுவுல தானாச் சட்டகம் செஞ்சு சொருகி, படத்தை சீரியல் மாதிரி ஆக்கிடும். படம் பார்க்கும்போது அதை அணைச்சிடுங்க.

நிலாமுற்றம்:
பேக்லைட்டை 50-இல் வைத்துவிட்டேன். அப்பா அறையிலும் வைத்தாகிவிட்டது, அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. இப்போது இரண்டு டிவியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.