போலோ டிஎஸ்ஐ: தினசரி ஓட்டத்துக்கும் ட்ராக்குக்கும் ஒரே கார் – அனுபவப் பகிர்வு

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாள்) என்றதும் ஃபோக்ஸ்வாகன் போலோ டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) வைத்திருப்பவர்கள் முதலில் ரீமேப்புக்குத்தான் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது) விலை விசாரிக்கிறார்கள். அதே பணத்தில் கால்வாசியை பிரேக்குக்குச் செலவழித்தால் நாள் முழுக்க ஓட்டலாம். இந்தக் காரை ட்ராக்கில் உட்கார வைப்பது எப்போதும் சூடுதான். அதனால் பிரேக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊர் போலோவில் முன்னால் 256 மி.மீ. டிஸ்க், பின்னால் ட்ரம். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ என்று வையுங்கள். நீளமான ஸ்ட்ரெய்ட் முடிவில் 160-லிருந்து 70-க்கு வேகத்தைக் குறைத்தால் ஏறக்குறைய 950 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டில் இறங்குகிறது. ஒரு லேப்பில் இப்படிப் பல தடவை. சிட்டியில் வருஷம் முழுக்க குறை சொல்லாத பிரேக் மூன்றாவது லேப்பில் கைவிடுவது இதனால்தான்.

கைவிடுவதிலும் இரண்டு வகை உண்டு. பெடல் மெத்தென்று தரை வரை போனால் பிரேக் ஃப்ளூயிட் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி வந்துவிட்டது. பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. முதலாவதற்குப் புது பேட் போட்டுப் பயனில்லை, இரண்டாவதற்கு ஃப்ளூயிட் மாற்றிப் பயனில்லை. எது நடந்தது என்று காலில் உணர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாட் 4 ஃப்ளூயிட்டுக்குத் தரவிதிப்படி புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 155. நம் கடலோரக் காற்றில் இரண்டு வருஷம் ஓடிய ஃப்ளூயிட்டை அந்த 155 கணக்கில்தான் பார்க்க வேண்டும். ட்ராக் டேக்கு முந்தைய வாரம் முழுதாக மாற்றுங்கள், 1 லிட்டர் வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் தாராளம். மூடி திறந்து மாதக்கணக்கில் இருக்கும் பாட்டில் வேண்டாம். டாட் 5.1 போடலாம் (260, 180 டிகிரி). பெயரைப் பார்த்து ஏமாந்து டாட் 5 ஊற்றிவிடாதீர்கள், அது சிலிக்கான். கிளைக்கால் அடிப்படையிலான மற்றவற்றோடு சேராது.

டிஸ்க் புதிதில் 22 மி.மீ. தடிமன், 19-க்கு வந்தால் மாற்ற வேண்டும். ட்ராக்குக்குப் போவதாக இருந்தால் 20-லேயே மாற்றுவது நல்லது. மெல்லிய டிஸ்க்குக்குச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பு இல்லை. பேட்டும் அப்படியே, பாதிக்கு மேல் தேய்ந்ததை ட்ராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். தேய்ந்த பேட் சூட்டை நேராக பிஸ்டனுக்கும் ஃப்ளூயிட்டுக்கும் கடத்தும்.

புது பேட் போட்டதும் பெட்-இன் (பேட்டை டிஸ்க்கோடு பழக்குவது) செய்யாமல் ட்ராக்கில் ஏறக் கூடாது. காலியான நல்ல ரோட்டில் 80-லிருந்து 20 வரை அழுத்தமாக, ஆனால் ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு, எட்டுப் பத்து தடவை. நடுவில் முழுதாக நிறுத்தவே வேண்டாம். முடித்ததும் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கைக் கவ்வியபடியே நின்றால் பேட் மெட்டீரியல் அந்த ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தப் படிவுதான்.

* * *

பிரேக் பற்றிச் சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன் அண்ணா. ரேஸிங் ரக டாட் 4 ஃப்ளூயிட், 300 டிகிரிக்கு மேல் தாங்குவது, ட்ராக்கில் அருமையாக இருக்கும். ஆனால் அவற்றில் பல ஈரத்தை வேகமாக இழுக்கும். தினமும் ஆபீஸ் போகும் காரில் ஊற்றிவிட்டு இரண்டு வருஷம் மறந்துவிடக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். அதற்கு முடியாதவர்களுக்குச் சாதாரண டாட் 4 புதிதாக இருந்தாலே போதும்.

பேட் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கேலிப்பரின் (பேட்டைப் பிடித்து அழுத்தும் பாகம்) கைடு பின்னையும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். 7 மி.மீ. ஆலன் கீயில் கழன்று வந்துவிடும். பின்னைத் துணியால் துடைத்துப் போட்டால் போதும், கிரீஸ் பூசாதீர்கள். பூசினால் ரப்பர் ஊறி இன்னும் இறுகும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம், வீல் போல்ட். அலாய் மாற்றுகிறவர்கள் பிசிடி 5x100 (ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.), நடுத் துளை 57.1 மி.மீ. என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கம்பெனி வீலின் போல்ட் தலைக்குக் கீழே உருண்டையாக, பந்து வடிவில் இருக்கும். வெளியில் வாங்கும் அலாய்களில் அநேகமாகக் கூம்பு வடிவக் குழி. கூம்புக் குழியில் பந்து போல்ட்டை முடுக்கினால் டார்க் ரெஞ்ச் 120 நியூட்டன் மீட்டரில் கிளிக் என்று சொல்லிவிடும், எல்லாம் சரி என்றே தோன்றும். பத்து நாள் கழித்துக் கழற்றிக் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். முழுப் பரப்பும் பளபளக்காமல், நூல் கனத்தில் ஒரே ஒரு வளையம் மட்டும் மின்னும். அந்த நூல்தான் சக்கரத்தை மொத்தமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ட்ராக்கில் ஹப் சூடாகி, அலுமினியம் விரிந்து சுருங்கும்போது அந்த வளையம் நசுங்கி போல்ட் தளரும்.

ஆகவே வீல் வாங்கும்போதே எம்14x1.5, 60 டிகிரி கூம்புத் தலை, தேவையான நீளம் என்று கேட்டு வாங்குங்கள். நீளம் குறைந்தால் மரை போதுமான அளவு கவ்வாது, அதிகமானால் உள்ளே போய் எதிலாவது முட்டும். வீலின் நடுத் துளை பெரிதாக இருந்தால் 57.1-க்குக் குறைக்கும் வளையம் கட்டாயம். பழைய பந்து போல்ட் ஐந்தையும் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் ஸ்டெப்னியோடு வையுங்கள். ஸ்டெப்னி கம்பெனி வீல், அதற்குக் கூம்பு போல்ட் சேராது. ராத்திரி பஞ்சராகி நிற்கும்போது கைகொடுப்பது அந்த ஐந்து போல்ட்தான்.

* * *

டயர், அலைன்மென்ட் பற்றி.

195/55 ஆர்16 அளவே தாராளம். அகலத்தைக் கூட்டுவதைவிட நல்ல கலவையுள்ள டயர் முக்கியம். காற்று விஷயத்தில் காலையில் ஆறிய டயரில் ரோட்டுக்கு வைக்கும் 33 பி.எஸ்.ஐ-யோடு ட்ராக்கில் ஏறினால் நாலு லேப்பில் 39, 40 காட்டும். டயர் நடுவில் உப்பி, பிடிமானம் போய், முன்பக்கம் நேராக வழுக்கும். 28, 29-இல் தொடங்கி, சூடாகி பிட்டுக்குள் (ட்ராக் ஓரம் கார் நிற்கும் இடம்) வந்ததும் அளந்து 34, 35-க்கு நிறுத்துங்கள். சொந்த கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பங்க் மீட்டர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்ற வேண்டும். மறந்தால் ஆறிய டயரில் 27 இருக்கும், அதோடு நெடுஞ்சாலைப் பள்ளத்தில் விழுந்தால் ரிம் போய்விடும்.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கான மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் கடிகாரச் சுற்று, ஒரு லேப் 3.717 கி.மீ. வலது வளைவுகள் அதிகம், அதனால் முதலில் தேய்வது இடது முன் டயரின் வெளி ஓரம். அதைக் குறைக்க காம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும் கோணம், மைனஸில் சொல்வார்கள்) வேண்டும். கம்பெனி அமைப்பில் அரை டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். காம்பர் போல்ட் அல்லது காம்பர் பிளேட் போட்டு மைனஸ் 1.5 வைத்தால் தினசரி ஓட்டத்துக்கும் பெரிய பாதகம் இல்லை. 2-க்கு மேல் போனால் ரோட்டில் உள் ஓரம் தேயத் தொடங்கும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யத்தில் இருந்தால் அந்தத் தேய்மானம் தாங்கக்கூடிய அளவில் நிற்கும். டயரைத் தின்பது காம்பரைவிட டோதான். காம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும், இரண்டையும் ஒரே நாளில் அளந்து முடியுங்கள். பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே சட்டம்), ஷிம் (மெல்லிய தகடு) வைக்காமல் எதையும் திருப்ப முடியாது.

சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது வீண். குட்டை ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கை வைத்தால் அது பம்ப் ஸ்டாப்பின் (ஷாக்கின் முடிவில் இருக்கும் ரப்பர் தடுப்பு) மேலேயே உட்கார்ந்திருக்கும். வளைவின் நடுவில் சின்ன மேடு வந்தாலும் முன்பக்கம் திடீரென்று பிடியை விடும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஜோடியாக வாங்கப் பணம் சேரும் வரை கம்பெனி செட்டே நல்லது. கன்ட்ரோல் ஆர்மின் பின்பக்கப் புஷ் கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கடைசி நேரத்தில் அழுத்தி பிரேக் அடிக்கும்போது கார் பக்கவாட்டில் அலைய அது ஒன்றே போதும்.

* * *

கேள்வி ஒன்று. 1.2 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ். ட்ராக்குக்குக் கொண்டுவரலாமா? ரீமேப் செய்தால் கியர்பாக்ஸ் தாங்குமா?

* * *

தாராளமாகக் கொண்டுவரலாம் தம்பி. உங்கள் கியர்பாக்ஸ் டிக்யூ200, உலர் கிளட்ச் இரண்டு கொண்ட 7 கியர் பெட்டி. 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என்று வடிவமைத்தது. வேகமாக ஓடும்போது அதற்குக் கஷ்டம் இல்லை, கிளட்ச் முழுதாகக் கவ்வியிருக்கும். பிட் வரிசையில் அடி அடியாக நகர்வதும், மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிப்பதும்தான் அதைக் கெடுக்கும். அப்போது கிளட்ச் பாதி வழுக்கியபடி நிற்கிறது, அந்தச் சூட்டை வெளியேற்ற எண்ணெயும் இல்லை. முன் வண்டியோடு இடைவெளி விட்டு, ஒரே தடவையில் நகர்ந்து, பிரேக்கை மிதித்து நில்லுங்கள். லாஞ்ச் (நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலரேட்டரில் பாய்வது) பழக வேண்டாம்.

1.2-இல் ட்ராக்குக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது டைமிங் செயின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று வினாடி கடகட சத்தம் வந்தால் செயினும் டென்ஷனரும் பார்க்காமல் ட்ராக் பேச்சே எடுக்காதீர்கள். 1.0-இல் பெல்ட், அந்தக் கவலை இல்லை.

ரீமேப்பில் மேனுவல் 1.0 வைத்திருப்பவர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அதில் இருப்பது எம்க்யூ200. பெயரில் உள்ள 200 அதன் டார்க் வகையைச் சொல்கிறது. கம்பெனி 175 கொடுக்கிறது, ரீமேப் பைல்கள் 220, 230 என்று ஏற்றுகின்றன. 1,800 ஆர்பிஎம்மிலேயே அவ்வளவையும் கொட்டும் பைல் ஓட்டிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும், கிளட்ச்சுக்கும் கனெக்டிங் ராடுக்கும் அதுதான் எமன். 3,000 வரை டார்க்கை அடக்கி, மேலே பவராக நீட்டும் பைலைக் கேளுங்கள். ட்ராக்கில் 3,000-க்குக் கீழே யாரும் ஓட்டப்போவதில்லை, ஆகவே லேப் டைமில் எதையும் இழக்க மாட்டீர்கள்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று தெரிய 5-ஆம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஏற்றமான சாலையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் முள் குதித்து வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது.

இன்னொரு விஷயம், இன்டர்கூலர் (டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பது). டிஎஸ்ஐயில் அது இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே, தண்ணீரால் குளிரும் வகை. தனி ரேடியேட்டர், தனி மின் பம்ப். ரோட்டில் இது வேகமாக வேலை செய்யும், ட்ராக்கில் ஒரு தடவை தண்ணீர் சூடேறிவிட்டால் ஆற நேரம் பிடிக்கும். ஓபிடி ரீடரில் (காரில் செருகி அதன் கணினியைப் படிக்கும் கருவி) இன்டேக் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். லேப்புக்கு லேப் ஏறிக்கொண்டே போய் 60-ஐத் தாண்டினால் ஈசியூ (இன்ஜின் கணினி) இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கும், ரீமேப் செய்த பவர் அங்கேயே கரையும். மூன்று லேப் வேகம், ஒரு லேப் நிதானம் என்று ஓட்டினால் நம் ஊர் மே மாதத்திலும் சமாளிக்கலாம். ஏசியை அணைத்து வையுங்கள், கண்டன்ஸரின் சூடும் அதே இடத்தில்தான் சேர்கிறது. ரேடியேட்டர் இடுக்கில் அடைந்த பூச்சியையும் தூசியையும் மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பெட்ரோல் எந்த ஆக்டேனுக்கு ரீமேப் செய்தார்களோ அதையே எப்போதும் போட வேண்டும். எக்ஸ்பி 95-க்கு (95 ஆக்டேன் பெட்ரோல்) எழுதிய பைலில் ஊருக்குப் போகும் வழியில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு முழு லோடில் ஓட்டாதீர்கள். ட்ராக்கில் டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், நீண்ட வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். இன்ஜின் ஆயிலை மேல் கோட்டில் வையுங்கள், மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். சர்வீஸ் புத்தகம் 15,000 கி.மீ. சொன்னாலும் ட்ராக் போகும் காருக்கு 7,500.

* * *

நாள் முடிவில் செய்ய வேண்டியவற்றை யாரும் சொல்லவில்லை, அதனால் இது.

கடைசி லேப் முழுக்க பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வாருங்கள். பிட்டில் நின்றதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். பின் ட்ரம் கொதிக்கும் நேரத்தில் ஷூவை அழுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், டிஎஸ்ஜி என்றால் பி-யில். இன்ஜினை அணைத்த பிறகும் மின் பம்ப் ஓடும் முனகல் கேட்டால் பயப்பட வேண்டாம், டர்போவை ஆற்றுகிறது.

டிக்கியில் இருக்கும் இழுவைக் கொக்கியைக் காலையிலேயே பம்பரில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். அதன் மரை இடப்பக்கம் திரும்பும் மரை. தெரியாதவர்கள் வழக்கம்போல் வலப்பக்கம் திருப்பிவிட்டு, சேரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வண்டி மணலில் இறங்கி நிற்கும்போது அதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

இன்ஷூரன்ஸ் பாலிசியின் விலக்குப் பகுதியையும் எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டுக்கு நம் நாட்டு மோட்டார் பாலிசி பணம் தராது. சுவரில் மோதினால் முழுச் செலவும் நம்முடையது என்ற கணக்கோடுதான் ஏற வேண்டும்.

வீல்கள் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகு, இருபது போல்ட்டையும் 120-இல் மறுபடி பாருங்கள். சூடாக இருக்கும்போது முடுக்கினால் அளவு தவறும். வீடு போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தடவை.