மறு: ‘டபுள் ஃபீட்’ என்பதற்கு ‘இரட்டைத்தாள்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வருடி (ஸ்கேனர்) மென்பொருளின் செய்திகளைத் தமிழாக்கும் பணியில், இரண்டு தாள்கள் சேர்ந்து உள்ளே போய்விடும் பிழையைக் குறிக்கும் ‘டபுள் ஃபீட்’ என்னும் தொடர் மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. இதுவரை ‘இரட்டை ஊட்டல்’, ‘பல்தாள் ஊட்டம்’, ‘உடன்போக்கு’ என மூன்று சொற்கள் வந்துள்ளன. நாள்தோறும் இந்தக் கருவியோடு பழகுகிறவன் என்ற முறையில் மூன்றையும் எண்ணிப் பார்த்தேன். நான்காவதாக ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். சொல்லுக்கு முன் பொருளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பிழை எப்படிப்பட்டது என்பதே நம் மடல்களில் இதுவரை பேசப்படவில்லை.

தருமபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டி எனக்கு ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது. பத்திர நகல்கள், பட்டா மாறுதல் மனுக்கள், வங்கிக் கடனுக்கும் மானியத்துக்கும் வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை வருடிக் கோப்பாக்கித் தருவதே அங்கு முதன்மையான வேலை. கண்ணாடி மேல் ஒவ்வொரு தாளாக வைத்து மூடும் பழைய வருடி ஒன்று இருக்கிறது. தட்டில் 50 தாள் வரை அடுக்கிவிட்டால் தானே ஒவ்வொன்றாக இழுத்து, இருபுறமும் ஒரே ஓட்டத்தில் படம் எடுக்கும் வருடி மற்றொன்று. நாம் பேசும் பிழை இரண்டாவது வகைக்கு மட்டுமே உரியது.

அதன் தட்டின் அடிவாயில் ஒரு ரப்பர் உருளை சுழன்று தாளை உள்ளே இழுக்கிறது. எதிர்ப்புறத்தில், கருவியின் வகையைப் பொறுத்து, ஒரு ரப்பர்ப் பட்டையோ எதிர்த்திசையில் சுழல முற்படும் இன்னோர் உருளையோ இருந்து, கூடவே வர முயலும் அடுத்த தாளைத் தடுத்து நிறுத்துகிறது. இழுக்கும் உராய்வும் தடுக்கும் உராய்வும் தம்முள் ஒத்திருக்கும் வரை தாள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து செல்லும். உருளை தேய்ந்து வழவழப்பானாலும், அதன் மேல் தாள்தூள் படிந்தாலும், மழைக்காலத்து ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று படிந்திருந்தாலும், ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிய துளையின் பிசிறு அடுத்த தாளின் துளையில் மாட்டியிருந்தாலும் இரண்டு தாள்கள் சேர்ந்து போய்விடும். எங்களிடம் பெரும்பாலும் கடைசிக் காரணம்தான். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் பின்னைப் பிடுங்கி மறுபடி அடித்து அடித்து, பழைய பத்திரங்களின் இடது மூலை சல்லடையாகி இருக்கும்.

சென்ற ஆண்டு பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவரின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை வருடிக் கொடுத்தோம். பத்துத் தாள்கள் இருபுறமும் கையால் எழுதப்பட்டிருந்தன. ஆக 20 பக்கங்கள். எட்டாம் தாளும் ஒன்பதாம் தாளும் மூலையில் பிணைந்து ஒன்றாகவே உள்ளே போயின. கருவி நிற்கவில்லை, ஓசை மாறவில்லை, வெளியே வந்து விழுந்த அடுக்கிலும் பத்துத் தாள்கள் சரியாக இருந்தன. ஆனால் இருபுறமும் படம் எடுக்கும் கருவியில், மேற்கண் எட்டாம் தாளின் முன்பக்கத்தைப் பார்த்தது. கீழ்க்கண் ஒன்பதாம் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தது. இடையில் ஒன்றையொன்று நோக்கிக் கிடந்த 16, 17 ஆகிய இரு பக்கங்களை எந்தக் கண்ணும் பார்க்கவில்லை. கோப்பில் 15ஆம் பக்கத்தின் மறுபுறம்போல 18ஆம் பக்கம் வந்து அமர்ந்துகொண்டது. 15ஆம் பக்கம் ‘ஏ’ தபசிலின் (சொத்து விவரப் பட்டியலின்) கடைசி வரியோடு நிறைந்திருந்தது. 18ஆம் பக்கம் பொதுக் கிணற்றையும் வண்டிப்பாதையையும் பற்றிய நிபந்தனைகளோடு தொடங்கியது. படித்துப் பார்த்தவர்களுக்கும் இடறவில்லை. விடுபட்ட இரு பக்கங்களில்தான் அந்த விவசாயியின் பாகமான ‘பி’ தபசிலும் அதன் செக்குபந்தியும் (நான்கெல்லை விவரமும்) இருந்தன. வங்கியில் மனு திருப்பப்பட்டு, அவர் மறுபடியும் இரண்டு பேருந்து மாறி எங்களிடம் வந்து நின்ற பிறகே அது எங்கள் பிழை என்று தெரிந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. தாள் சிக்கிக்கொண்டால் கருவி நின்றுவிடும். அதற்குத் ‘தாள் சிக்கல்’ என்று எல்லாரும் சொல்கிறோம், அந்தச் சொல்லில் குறையே இல்லை. இங்கு நடப்பது அதற்கு நேர்மாறு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல இருக்கிறது. ஒரு தாள் போனதாகத் தோன்றும் இடத்தில் இரண்டு போயிருக்கின்றன. நாம் தேடும் சொல் இந்த மறைவை உணர்த்த வேண்டும்.

இனி, முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன்.

‘ஊட்டல்’, ‘ஊட்டம்’ இரண்டும் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்தவை. தமிழில் ஊட்டுதல் என்றால், தானாக உண்ண முடியாதவருக்கு மற்றொருவர் எடுத்து வாயில் கொடுப்பது. எங்கள் பக்கத்து ஊர்களில் ‘கன்னு ஊட்டிடுச்சி’ என்றால், கறப்பதற்கு முன் கன்று மடியில் பால் குடித்துவிட்டது என்று பொருள். ‘ஊட்டம்’ என்றாலோ சத்து. வருடியின் தட்டில் நாம் தாளை வைப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு கருவிதான் இழுத்துக்கொள்கிறது. கண்ணாடி மேல் வைக்கும் வகையில் தாள் அசையாமல் கிடக்க, ஒளிக்கீற்று அதன் மேல் நகர்ந்து செல்கிறது. ‘வருடி’ என்ற பெயர் அதற்கு மிகவும் பொருந்துகிறது. தட்டு வைத்த வகையில் கண் அசைவதில்லை, தாள்தான் ஓடுகிறது. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் முதல் வகையில் அது படத்தில் ஒரு புள்ளியாக விழும். இரண்டாம் வகையில் அதே தூசி பக்கத்தின் தலை முதல் கால் வரை ஒரு கோடாக நீளும். ஆகவே இந்த வகைக்கு உயிரான செயல் இழுப்பதே ஆகும். தானியங்கியாகத் தாளை எடுக்கும் அந்தப் பகுதியைத் ‘தாளூட்டி’ என்று முன்பு ஏற்றுக்கொண்டதையும் ‘தாளிழுப்பான்’ என்று மாற்றிவிடலாம் என்பது என் கருத்து.

ஏற்றுக்கொண்டதை மாற்றலாமா என்று சிலர் தயங்கக்கூடும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, 1916இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்துப் பணிசெய்தார். கலைச்சொல்லை அந்நாளில் ‘பரிபாஷை’ என்றே வழங்கினார்கள். அந்தப் பெயரே இன்று ‘கலைச்சொல்’ என்று மாறிவிட்டது. அதனால் அவர்கள் செய்த பணி குறைந்துவிடவில்லை. கருவியை நேரில் பார்த்தபின் இன்னும் பொருந்தும் சொல் கிடைக்குமானால் எடுத்துக்கொள்வதுதான் முறை.

‘உடன்போக்கு’ மூன்றிலும் அழகான சொல். அதை முன்மொழிந்த நண்பரின் புலமையை மதிக்கிறேன். ஆயினும் அகத்திணையில் தலைவி தலைவனோடு செல்வதைக் குறித்து நிலைபெற்றுவிட்ட சொல் அது. அங்கு ஒருத்தி தானே விரும்பி, துணிந்து செல்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுப் பொருள்செறிவு கொண்ட சொல்லை ஒரு கருவிப் பிழைக்குக் கொடுத்தால், படிக்கும் மாணவருக்கு இரண்டு இடத்திலும் பொருள் மங்கும்.

எங்கள் அலுவலகத்தில் வருடியைக் கையாளும் பெண், ‘சார், ரெண்டு தாள் ஜோடியாப் போயிடுச்சி’ என்பார். வாயில் இயல்பாக வரும் சொல் என்பதால் ‘ஜோடி’யையும் சில நாள் எண்ணிப் பார்த்தேன். ஆனால் ஜோடி மாடு, ஜோடி வளையல் என்று சொல்லும்போது இரண்டும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்றுக்குள் மற்றொன்று மறைந்திருப்பது அந்தச் சொல்லில் இல்லை.

அந்த மறைவைச் சொல்லும் சொல் எங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம். தருமபுரி நகரிலேயே பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. என் தாயார், புழுக்கள் கூடு கட்டும் மூங்கில் தட்டான சந்திரிகையிலிருந்து கூடுகளை எடுத்தபின் முற்றத்தில் கொட்டித் தரம் பிரிப்பார். கறைபட்டது ஒரு பக்கம், அமுக்கினால் நசுங்கும் மெல்லிய கூடு ஒரு பக்கம், ‘இரட்டைக் கூடு’ ஒரு பக்கம். இரண்டு புழுக்கள் அருகருகே அமர்ந்து, ஒரே உறையாகச் சேர்த்துக் கட்டிவிடுவதே இரட்டைக் கூடு. மற்றவற்றைவிடச் சற்றே பருத்து, வடிவம் ஒழுங்கில்லாமல் இருக்கும். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அதுவும் ஒரு கூடுதான். சிறுவயதில் அப்படி ஒன்றை என் கையில் கொடுத்துக் காதருகே குலுக்கச் சொன்னார். பிறகு வெட்டிக் காட்டினார். உள்ளே இரண்டு கூட்டுப்புழுக்கள் படுத்திருந்தன. இரண்டு இழைகளும் பின்னிக் கிடப்பதால் அதிலிருந்து சீரான நூல் எடுக்க முடியாது. முடிச்சும் திரட்டுமாக வரும் அந்த நூல் டூப்பியான் பட்டுக்குப் போகும். சந்திரிகையில் அளவுக்கு மீறிப் புழுக்களை விட்டால் இரட்டைக் கூடு பெருகும். வருடியின் தட்டில் அளவுக்கு மீறித் தாள் அடுக்கினாலும் இதே கதைதான்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தின் எட்டாம், ஒன்பதாம் தாள்களைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கூடுதான். ஆகவே ‘இரட்டைத்தாள்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். நிகழ்வுக்குப் பெயரிட ‘இரட்டையிழுப்பு’ என்று சொல்லலாமே என்றால், பேச்சில் ‘இழுப்பு’ என்பது மூச்சிரைப்பையும் வலிப்பையும் குறிக்கிறது. தனித்து நிற்கும் எச்சரிக்கைச் செய்தியில் அது நன்றாக அமையாது. பொருளின் பெயரே போதும்: ‘இரட்டைத்தாள் போய்விட்டது’ என்று எவரும் சொல்லிவிடலாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும் என்று எதிர்பார்க்கிறேன். மூன்று தாள்கள் சேர்ந்து போனால் என்ன செய்வது என்பது ஒன்று. இரண்டுக்கு மேற்பட்ட புழுக்கள் சேர்ந்து கட்டியதும் இரட்டைக் கூட்டின் கணக்கில்தான் சேருகிறது. பிரிந்திருக்க வேண்டியவை ஒட்டிவிட்டன என்பதே அங்கு முதன்மை, எண்ணிக்கை அன்று. இருபுறமும் வருடுவதோடு குழம்பாதா என்பது மற்றொன்று. அதற்கு நாம் ‘இருபக்க வருடல்’ என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம். ‘இரு’ என்பது எண்ணுகிறது. ‘இரட்டை’ என்பது பிணைக்கிறது. பிரித்தால் பொருள் தராத அடுக்குக்கு இலக்கணத்தார் இரட்டைக்கிளவி என்று பெயரிட்டதும் அந்தப் பிணைப்பை எண்ணித்தான். இந்த வேறுபாட்டைக் கைவிடாமல் எல்லாச் செய்திகளிலும் காத்துவந்தால் குழப்பம் நேராது.

சில கருவிகளில் இதைக் கண்டுபிடிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. தாளின் ஒரு புறத்திலிருந்து மீயொலியை அனுப்பி மறுபுறத்தில் அளக்கிறது. இரண்டு தாள்களுக்கு நடுவே ஒரு மெல்லிய காற்றிடைவெளி இருக்குமானால் ஒலி வெகுவாகக் குன்றிவிடும், கருவி நின்றுவிடும். அதை ‘இரட்டைத்தாள் உணரி’ என்று சொல்லலாம். செய்தி வரிக்கு நான் எழுதிப் பார்த்த வடிவம்: ‘இரட்டைத்தாள் கண்டறியப்பட்டது. தாள்களைப் பிரித்து, கடைசியாக வந்த பக்க எண்ணைச் சரிபார்க்கவும்.’ பக்க எண்ணைப் பார்க்கச் சொல்லும் பகுதி ஆங்கில மூலத்தில் இல்லை. இருந்தாலும் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். சொல்லை எழுதும்போது ‘த்’ என்னும் ஒற்றை விட்டுவிட வேண்டாம். ‘இரட்டை தாள்’ என்று இடைவெளியோடு எழுதினால் தாள்கள் இரண்டு என்ற வெறும் எண்ணிக்கையாகிவிடும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மனுவில் ஒட்டிய பாஸ்போர்ட் அளவுப் படமும் ரெவின்யூ ஸ்டாம்பும் இருந்தால், தாள் ஒன்றே ஆனாலும் உணரி அதை இரட்டைத்தாள் என்று நிறுத்திவிடுகிறது. எங்களிடம் வரும் மானிய மனுக்களில் படம் ஒட்டாத மனுவே இல்லை. அந்தத் தாளுக்கு மட்டும் எச்சரிக்கையை விலக்கித் தொடரச் சொல்லும் பொத்தானுக்கு ‘புறக்கணி’ என்று போட்டிருக்கிறோம். அவசரத்தில் இருப்பவர் உண்மையான இரட்டைத்தாளுக்கும் அதையே அழுத்திவிடுவார். ‘ஒட்டுப்படம், தொடர்க’ என்பது போல, எதற்காக விலக்குகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல் வேண்டும். படம் ஒட்டிய மனுக்களை வருடிப் பழக்கமுள்ளவர்கள் தங்கள் இடத்தில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அது வரும்வரை அந்த ஒரு வரியை மட்டும் மொழிபெயர்க்காமல் நிறுத்திவைக்கிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து